பத்துப் பத்து வெள்ளியாய்ச் சேர்ந்த தோட்டங்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தன் வழியாகப் போய்வராத குடும்பம் நம்மில் குறைவு. அந்தச் சாலைக்குப் பெயர் தந்தவர் ம.இ.கா. தலைவராகவும் நெடுங்கால அமைச்சராகவும் இருந்தார் என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். தோட்டத் தொழிலாளியின் தலைக்கு மேலிருந்த கூரையைக் காக்க அவர் செய்த காரியத்தை நம் பிள்ளைகளும் அறிய வேண்டும்.

வீ.தி. சம்பந்தன் 1919 ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தை வீராசாமி தமிழகத்திலிருந்து வந்து, உழைத்து, ரப்பர் தோட்ட உரிமையாளராக உயர்ந்தவர். மகன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பினார். 1955இல் ம.இ.கா. தலைவரானார். அதே ஆண்டு தேர்தலில் வென்று தொழிலாளர் அமைச்சரானார். சுதந்திரத்திற்குப் பின் சுகாதாரம், பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு ஆகிய பொறுப்புகளையும் வகித்தார்.

அந்தக் காலத்தில்தான் தோட்டத் துண்டாடல் என்னும் பேரிடி விழுந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி லாபத்திற்குக் கைமாற்றினார்கள். பத்து ஏக்கர் வாங்கியவருக்கு நிரந்தரத் தொழிலாளியும் தேவையில்லை, லயத்து வீடுகளைப் பராமரிக்கும் எண்ணமும் இல்லை. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டியவை. வேலை போனால் வீடும் போகும். பிள்ளைகளின் பள்ளியும் கைவிட்டுப் போகும். தோட்டத்து முச்சந்தியில் மளிகைக் கடை வைத்துச் சம்பள நாளை நம்பிக் கடன் கொடுத்த நம் சமூகத்து வியாபாரிகளுக்கும் அது இழப்புதான்.

துண்டாடலைச் சட்டத்தால் தடுக்க வேண்டும் என்று தொழிற்சங்கம் கோரியது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் உங்கு அஸீஸ் அதை ஆராய்ந்து அறிக்கை தந்தார். பின்னாளில் தேசிய நிலச் சட்டத்தில் 214A பிரிவு சேர்ந்தது. 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்டத்தை விற்கவோ பிரிக்கவோ தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் சட்டம் வரும்வரை தோட்டங்கள் காத்திருக்கவில்லை. விற்பனைக்கு வந்த தோட்டத்தை யாரோ ஒருவர் வாங்கத்தான் போகிறார். அந்த ஒருவர் தொழிலாளியாகவே இருக்கட்டும் என்று சம்பந்தன் எண்ணினார்.

1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பங்கு 100 வெள்ளி. பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். நாட்கூலி வாங்கிய குடும்பத்திற்குப் பத்து வெள்ளி சின்னத் தொகை அல்ல. வாழ்நாளில் நிலம் வாங்குவோம் என்று கனவிலும் நினைக்காதவர்களிடம் நிலம் வாங்கப் பணம் கேட்க வேண்டும். அமைச்சராக இருந்தும் அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று, எதிரே அமர்ந்து, விளக்கிச் சொன்னார். மக்கள் நம்பினார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் சொத்தானது. பிறகு மற்ற மாநிலங்களிலும் தோட்டங்கள் வந்து சேர்ந்தன. பால் வெட்டிய கைகளே பங்குதாரர்களின் கைகளாயின.

1979 மே 18ஆம் நாள், அறுபது வயது நிறைவதற்கு முன்பே துன் சம்பந்தன் காலமானார். சங்கம் இன்றும் நிலைத்திருக்கிறது. அதன் தலைமையகமான விஸ்மா துன் சம்பந்தன் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போனார் என்று சொல்ல முடியாது. கூட்டுறவுக்கு வெளியே இருந்த தோட்டங்கள் பின்னர் வீடமைப்புத் திட்டங்களாகவும் பட்டணங்களாகவும் மாறியபோது, தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள் சொந்த வீடில்லாமல் வெளியேறினார்கள். தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீடு என்பது இன்றும் நாடாளுமன்றத்தில் எழும் கேள்வி. சட்டமும் வேண்டும், சமூகத்தின் கையில் முதலும் வேண்டும். ஒன்று தாமதமானால் மற்றொன்று தாங்கும்.

நம் சங்கமும் மாதச் சந்தாவில் வளர்ந்ததுதான். வியாபாரியாகிய எனக்குத் தெரிந்த கணக்கு இது: தனியாளின் பத்து வெள்ளி ஒரு நாள் செலவில் கரைந்துவிடும், ஆயிரம் பேரின் பத்து வெள்ளி நிலமாகும். பொன்விழா காணும் நாம், நம்மில் வாடகை வீட்டில் தவிக்கும் குடும்பங்களை எண்ணி, அப்படி ஒரு நிதியைத் தொடங்கினால் அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு அதுவே நல்ல தொடக்கம். இறைவன் அதற்கு அருள்புரிவானாக.