குருதியின் வழி கண்ட இப்னு நஃபீஸ்

உறங்கும்போதும் உறங்காது உழைக்கும் உறுப்பு இதயம். அதன் வலப்புறக் குருதி இடப்புறத்தை அடைவது எவ்வாறு? இவ்வினாவுக்கு ஆயிரம் ஆண்டுகளாக உலகம் தவறான விடையொன்றையே நம்பி வந்தது. அதனை மறுத்து உண்மை வழியை எழுத்தில் நிறுவியவர்களுள், நாமறிந்தவரை, முதல்வர் இப்னு நஃபீஸ் ஆவார்.

அலாவுத்தீன் அபுல் ஹசன் அலீ என்னும் இயற்பெயர் கொண்ட இவர், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியாவில் பிறந்தார். திமிஷ்கு நகரின் நூரி மருத்துவமனையில் அத்தக்வாரிடம் மருத்துவம் பயின்றார். பின்னர்க் கெய்ரோவில் குடியேறி, எகிப்தின் தலைமை மருத்துவராக உயர்ந்தார். ஷாஃபிஈ சட்டவியலிலும் புலமை பெற்று, மஸ்ரூரிய்யா மதரசாவில் அதனைப் போதித்தார்.

2ஆம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் கேலன், குரங்கு, பன்றி முதலிய விலங்குகளை அறுத்து ஆராய்ந்தவர். இதயத்தின் இரு கீழறைகளுக்கும் நடுவேயுள்ள சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டென்றும், அவற்றின் வழியே குருதி வலமிருந்து இடம் கசிகின்றது என்றும் அவர் கருதினார். மருத்துவ மாமேதை இப்னு சீனாவும் தம் அல்-கானூனில் கேலனின் வழியையே தழுவினார். இக்கருத்தே நெடுங்காலம் நிலைத்திருந்தது.

1242ஆம் ஆண்டில், முப்பது வயதை ஒட்டிய இப்னு நஃபீஸ், அல்-கானூனின் உடற்கூற்றுப் பகுதிக்கு உரை வரைந்தார். உரையென்பது மூலத்தை வழிமொழிவது மட்டுமன்று என்பதை அந்நூல் காட்டுகின்றது. இடைச்சுவர் தடித்தது, அதில் துளையே இல்லை என்று அவர் அறுதியிட்டார். துளை இல்லையெனின் குருதி வேறு வழியாகவே சென்றாக வேண்டும். வலக் கீழறையிலிருந்து நுரையீரல் தமனி வழியே நுரையீரலை அடைந்து, அங்குக் காற்றுடன் கலந்து, நுரையீரல் சிரை வழியே இதயத்தின் இடப்பக்கத்தை அது அடைகின்றது என விளக்கினார். அவ்விரு குழாய்களுக்கும் இடையே நுண்ணிய வழிகள் உண்டென்றும் உரைத்தார். 1661இல் மால்பிகி தவளையின் நுரையீரலில் தந்துகிகளை உருப்பெருக்கியால் கண்டபோது, அவ்வழிகள் எவை என்பது விளங்கிற்று.

பெருமை பேசும்போதும் நாம் நடுநிலை தவறலாகாது. உடல் முழுவதும் குருதி சுழன்று மீளும் முறையை நிறுவியவர் 1628இல் நூல் வெளியிட்ட வில்லியம் ஹார்வியே. இப்னு நஃபீஸ் கண்டது நுரையீரல் வழிச் சுற்று. ஆயினும் 1553இல் செர்வீட்டசும் 1559இல் கொலம்போவும் இதனை எழுதுவதற்கு முந்நூறு ஆண்டுகள் முன்னரே அவர் அதனைக் கண்டார் என்பது சிறிய செய்தியன்று. அவர் எழுத்து அவ்விருவரையும் எட்டியதா என்பதில் ஆய்வாளர் கருத்து வேறுபடுகின்றனர்.

இவ்வுண்மை நெடுங்காலம் பலரும் அறியாமல் மறைந்து கிடந்தது. 1924இல் ஜெர்மனியில் பயின்ற எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்ததாவி, பெர்லினிலிருந்த கையெழுத்துப் படியை ஆராய்ந்து இதனை வெளிக்கொணர்ந்தார். நூலகத்து ஏடு ஒன்றை ஊன்றிப் படித்த ஒரு மாணவரால் மருத்துவ வரலாறே திருத்தி எழுதப்பெற்றது.

முந்நூறு தொகுதிகளாக அவர் திட்டமிட்ட அஷ்ஷாமில் என்னும் மருத்துவக் களஞ்சியத்தில் எண்பது தொகுதிகளே நிறைவுற்றன என்பர். இறுதி நோயில் மருந்தாக மது அளிக்கப்பெற்றபோது, அதனை உடலில் ஏற்றுக்கொண்டு இறைவனைச் சந்திக்க விரும்பாது மறுத்தார் என வரலாற்றாசிரியர் குறிக்கின்றனர். 1288இல், ஹிஜ்ரி 687இல், கெய்ரோவில் மறைந்தார். தம் இல்லத்தையும் நூல்களையும் அந்நகரின் மன்சூரி மருத்துவமனைக்கே விட்டுச் சென்றார்.

இப்னு சீனாவின் நூலுக்கு உரை எழுதியது அவர் காட்டிய மதிப்பு. அவ்வுரையிலேயே அவரை மறுத்தது உண்மைக்கு அவர் காட்டிய மதிப்பு. ஆசானைப் போற்றுதலும் ஆசான் கூற்றை ஆராய்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல. நம் மாணவமணிகள் இவ்விரண்டையும் ஒருங்கே கைக்கொள்வார்களாக!