பிராங்க்ளினும் எழுத்து வன்மையும்

நேரில் கண்ட அநீதியைப் பத்திரிகைக்கு எழுதியனுப்பும் தொண்டர்களில் பலர், நடந்தது இன்னதென்று சொல்லுமுன்னரே அதைக் கண்டிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். எந்த ஊர், அடிபட்டவன் யார், அவன் வயதென்ன என்பவை கடைசிப் பத்தியிலும் அகப்படுவதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லியே வாசகர் மனத்தைக் கலக்குவது தனி வித்தை. அதைப் பிரயாசையுடன் கற்று, ஆபத்தான சமயத்தில் துணிந்து பிரயோகித்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின்.

அவர் 1706-ம் வருஷம் பாஸ்டன் நகரத்தில், மெழுகுவர்த்தியும் சவுக்காரமும் செய்து விற்ற ஒருவருக்குப் பதினைந்தாவது குழந்தையாகப் பிறந்தார். பள்ளிக்கூடம் சென்றது இரண்டே வருஷம். பன்னிரண்டாம் வயதில் தமையன் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் தொழில் பழக அமர்ந்தார். பெண்கல்வியைப் பற்றி ஒரு நண்பனுடன் கடித மூலம் அவர் நடத்திய வாதம் தகப்பனார் கண்ணில் பட்டது. எழுத்துப் பிழையில்லை, நயமும் ஒழுங்கும் தெளிவுமே போதாவென்று அவர் எடுத்துக்காட்டினார். மகன் அதை ஒப்புக்கொண்டான்.

லண்டனில் அடிஸனும் ஸ்டீலும் நடத்திய ஸ்பெக்டேட்டர் பத்திரிகையின் தொகுதியொன்று அப்போது அவருக்குக் கிடைத்தது. அதிலுள்ள வியாஸத்தைப் படித்து ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்துக்கும் சிறு குறிப்பு எழுதிக்கொள்வார். சில தினங்கள் கழித்து, புஸ்தகத்தைப் பாராமல், அக்குறிப்புகளைக் கொண்டே தம் சொற்களில் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். சொல்வளம் குறைவென்று கண்டபோது கதைகளைச் செய்யுளாக்கி, மறந்தபின் மறுபடி வசனமாக்கினார். இவற்றினும் மேலாக நாம் மதிப்பது வேறொன்று. குறிப்புகளைத் தாறுமாறாகக் கலைத்து வைத்து, சில வாரங்களுக்குப் பின் எது முன், எது பின் என்று தாமே வரிசைப்படுத்திப் பார்ப்பார். சம்பவங்களைக் கோத்துச் சொல்லும் வன்மை அவருக்கு இதனாலேயே வந்ததென்பது நமது அபிப்பிராயம். இத்தனையும் வேலை நேரத்துக்கு முன்னும் பின்னும், தேவாலயத்தைத் தட்டிக்கழித்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் நடந்தன.

பின்னர் அவர் பிலடெல்பியாவில் பத்திராதிபராகி, விஞ்ஞானியாகிப் புகழடைந்தது யாவரும் அறிந்ததே.

பென்ஸில்வேனியா மாகாணத்தில் வெள்ளையருடன் நெடுங்காலம் சமாதானமாக வாழ்ந்த கானஸ்டோகா என்னும் பூர்வகுடியில், 1763-ல் இருபது பேரே எஞ்சியிருந்தனர். டிசம்பர் 14-ந் தேதி எல்லைப்புற வெள்ளையர் அவர்களில் ஆறு பேரைக் கொன்று குடிசைகளைக் கொளுத்தினர். மற்றப் பதினால்வரை அதிகாரிகள் லங்காஸ்டர் நகரில் காவலில் வைத்தனர். 27-ந் தேதி கொலைகாரர் அங்கும் புகுந்து குழந்தைகள் உட்பட எல்லோரையும் கொன்றனர். வேறு பூர்வகுடிகளோடு நடந்த யுத்தத்தில் எல்லைப்புறத்தார் உற்றாரை இழந்திருந்தபடியால், ஜனங்களில் அநேகர் கொலைகாரர் பக்கமே பேசினர்.

1764 ஜனவரியில் பிராங்க்ளின் வெளியிட்ட சிறு பிரசுரம் கண்டனத்தோடு தொடங்கவில்லை. வெள்ளையர் முதன்முதல் வந்தபோது அக்குடியினர் மான்மாமிசமும் தானியமும் தோலும் கொடுத்து வரவேற்றதைச் சொல்கிறார். எஞ்சியவர் ஏழு ஆண்கள், ஐந்து பெண்கள், எட்டுக் குழந்தைகள் என்று எண்ணிக் காட்டுகிறார். பிறகு பெயர் சொல்லி அறிமுகம் செய்கிறார்: 1701-ல் பென் துரையோடு நடந்த உடன்படிக்கையில் உடனிருந்த கிழவர் ஷீஹேஸ்; தகப்பனாரை அன்புடன் பேணிய மகள் பெக்கி; எவருக்கும் தீங்கு நினையாத பெட்டி என்ற கிழவி. வாசகன் இவர்களோடு பழகிவிட்ட பின்னரே, ஐம்பத்தேழு பேர் குதிரைகளில் ஆயுதங்களோடு வருகிறார்கள். செம்பட்டை மயிருள்ள ஒருவன் செய்த கொலைக்குச் செம்பட்டையர் எல்லோரையும் கொல்லலாமோ என்னும் தர்க்கம் அதற்கும் பிந்தியது. நாமாயின் வக்கீல் புத்தியால் அத்தர்க்கத்தையே முதலில் வைத்துக் காரியத்தைக் கெடுத்திருப்போம்! அடைக்கலம் புகுந்தோரைக் காத்த கதைகளை ஹோமர் முதலாக அவர் அடுக்கிச் செல்வது மட்டும் சற்று மிகை.

பிப்ரவரியில் எல்லைப்புறத்தார் நூற்றுக்கணக்கில் ஆயுதங்களுடன் பிலடெல்பியாவை நோக்கி வந்தனர். ஜெர்மன்டவுனில் அவர்களைச் சந்தித்துப் பேசித் திரும்பச் செய்தவர்களில் பிராங்க்ளினும் ஒருவர். கொலை செய்தவரில் ஒருவனும் நியாயஸ்தலத்தில் நிறுத்தப்படவில்லை. அக்டோபரில் சட்டசபைத் தேர்தல் வந்தது. பிராங்க்ளினை எதிர்த்தவருக்குப் பல காரணங்கள் இருந்தன. இந்தப் பிரசுரமும் அவற்றுள் ஒன்று. 1751 முதல் வகித்துவந்த ஸ்தானத்தை அவர் சொற்ப வோட்டுகளில் இழந்தார்.