இல்லாத கையின் வலியை நம்பிய வைத்தியர்

மிதிவெடியிலோ எறிகணையிலோ காலை இழந்தவர்கள், அந்தக் கால் இன்னும் அரிக்கிறது, விரல்கள் மடங்கி நோகின்றன என்று சொல்வதை எம்மில் பலர் கேட்டிருப்போம். மனப்பிரமை என்று அதை ஒதுக்கியவர்களும் உண்டு. அந்த வேதனைக்கு மருத்துவத்தில் பெயர் வைத்தவர் சைலஸ் வேர் மிச்செல்.

1829 இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வைத்தியர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 1850 இல் தாமும் வைத்தியரானார். பாம்பு நஞ்சு பற்றிய ஆய்வில் பெயர் பெற்றிருந்தார். 1861 இல் உள்நாட்டு யுத்தம் வெடித்திராவிட்டால் அந்தப் பெயரோடு நின்றிருக்கவும் கூடும்.

யுத்தகாலத்தில் அந்நகரின் டேர்னர்ஸ் லேன் வைத்தியசாலை நரம்புக் காயங்களுக்கென ஒதுக்கப்பட்டது. 400 கட்டில்கள். குண்டுக் காயம் ஆறிய பின்னும் உள்ளங்கை நெருப்பாய் எரிந்த படையினர் அங்கே கிடந்தனர். கையை எந்நேரமும் ஈரத்துணியால் சுற்றி வைத்திருந்தார்கள். சிலர் சப்பாத்துக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நடந்தார்கள். பக்கத்தில் பத்திரிகைத் தாள் சரசரத்தாலே துடித்தார்கள். மிச்செலும் அவருடைய தோழர்களான மோர்ஹவுஸ், கீன் ஆகியோரும் கட்டில் கட்டிலாக இருந்து கேட்டு எழுதினார்கள். அந்த எரிவுக்கு அவர் இட்ட பெயர் 'கோசல்ஜியா'. பெரும் ஆறுதல் தந்தது மோர்பின் ஊசிதான்.

1866 இல் கைகால் நான்கையும் இழந்த ஒருவரின் கதையைப் பெயர் போடாமல் சஞ்சிகையொன்றில் எழுதினார். உண்மைச் சம்பவம் என நம்பிய வாசகர்கள் அந்தக் கற்பனை மனிதருக்குப் பணமே அனுப்பினார்கள்! 'பேய் அவயவம்' எனப் பொருள்படும் பெயரை 1871 இல் பயன்படுத்தினார். அவயவம் இழந்த 90 பேரை விசாரித்ததில் 86 பேர் இல்லாத அவயவத்தை உணர்ந்திருந்தனர். வெட்டுண்ட நரம்பு நுனியின் கிளர்ச்சியை, பழைய கையிலிருந்தே வருவதாக மூளை எடுத்துக்கொள்கிறது என்பது அவர் விளக்கம். மூளையிலுள்ள உடலின் வரைபடத்துக்கும் இதில் பங்குண்டு என்பதைப் பின்வந்தோர் சேர்த்தனர்.

இத்துடன் புகழ்ந்து முடிக்க மனம் வரவில்லை. யுத்தத்தின் பின் மனச்சோர்வுற்ற பெண்களுக்கு அவர் விதித்தது படுக்கை, தனிமை, நிறைந்த உணவு. 1887 இல் அவரிடம் வந்த எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மனை, இனிப் பேனாவைத் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினாராம். படையினரின் சொல்லை நம்பியவர் இந்தப் பெண்ணின் சொல்லைக் காதில் வாங்கவில்லை. கில்மன் பேனாவை விடவில்லை. அந்தச் சிகிச்சையில் தான் பட்ட பாட்டையே சிறுகதையாக்கி 1892 இல் வெளியிட்டு, ஒரு பிரதியை அவருக்கும் அனுப்பினார். 1914 இல் மிச்செல் இறந்தார். தனக்குப் பதில் வரவேயில்லை என்று கில்மன் பின்னர் எழுதினார்.