ஊருக்கு என்ன மிச்சம்? கணக்காளர் ஜே. சி. குமரப்பாவின் வாழ்வு

கிராமங்கள் தம் காலில் நிற்க வேண்டும் என்று காந்தியடிகள் சொன்னார். அது எப்படி முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் ஒரு தமிழர். கணக்கியலைத் தொழிலாகக் கொண்ட எமக்கு அவர் வாழ்வு என்றும் ஒரு பாடம்.

ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் 1892 ஜனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். லண்டனில் கணக்கியல் பயின்று, பம்பாயில் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்காவில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில், அரசின் வரவுசெலவுக்கும் இந்தியாவின் வறுமைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். அந்த ஆய்வே 1929இல் அவரைக் காந்தியிடம் கொண்டு சேர்த்தது. மேல்நாட்டு உடையை விட்டுக் கதர் உடுத்தார். குமரப்பா என்ற குடும்பப் பெயரையும் மீண்டும் ஏற்றார்.

காந்தி கேட்டபடி குஜராத்தின் மாத்தர் தாலுகாவுக்கு மாணவர்களுடன் சென்று, 54 கிராமங்களின் வரவுசெலவை எழுதி வந்தார். 1934இல் பீகார் பூகம்ப நிவாரண நிதியின் கணக்கு அவரிடம் வந்தது. காந்தியுடன் வந்தவர்களின் செலவைக்கூட அந்த நிதியில் எழுத அவர் மறுத்தார். பொதுப்பணத்தைக் கையாளும் எந்தச் சங்கமும் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

அதே ஆண்டு தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளரானார். வார்தாவில் செக்கெண்ணெய், கைக்குத்தரிசி, பனங்கட்டி, தேன், கைக்காகிதம் ஆகியவற்றுக்கு உயிர் கொடுத்தார். மில் எண்ணெய் விலை குறைவுதானே என்று கேட்பவர்களுக்கு அவருடைய கணக்கு வேறாக இருந்தது. ஊர்ச் செக்கில் ஆட்டினால் ஆட்டுபவரின் கூலி ஊரில் தங்கும். பிண்ணாக்கு மாட்டுக்கும், மாட்டெரு வயலுக்கும் போகும். மில்லுக்கு எள்ளை விற்று எண்ணெயை வாங்கினால் இவை யாவும் ஊரைவிட்டுப் போய்விடும். விலைச்சீட்டில் இந்த நட்டம் தெரியாது.

1942 போராட்டத்தில் சிறை சென்ற அவர், நிலைத்திருக்கும் பொருளாதாரம் பற்றி அங்கே ஒரு நூல் எழுதினார். நிலக்கரியும் பெற்றோலும் எடுக்க எடுக்கக் குறையும். மரமும் பயிரும் மீண்டும் வளரும். முதலைத் தின்னாமல் விளைச்சலில் வாழ வேண்டும் என்பதே அதன் சாரம். சுதந்திரத்தின் பின் பெருந்தொழில்களை நாடிய அரசின் போக்கை வெளிப்படையாகக் கண்டித்தார். இறுதிக் காலத்தை மதுரை அருகே தே. கல்லுப்பட்டியில் கழித்து, 1960இல் காந்தியின் நினைவுநாளான ஜனவரி 30ஆம் நாள் மறைந்தார்.

செக்கையும் பனங்கூடலையும் போருக்குப் பறிகொடுத்து வந்த நாம் இன்று வாழும் ஊரின் பெயர் மிச்சம். குமரப்பா போட்ட கணக்கும் மிச்சக் கணக்கே. கடையில் பொருள் வாங்கினாலும், ஆலய வேலையை ஒருவரிடம் ஒப்படைத்தாலும், ஊரில் ஒரு தொழிலுக்கு உதவி அனுப்பினாலும், அந்தப் பணம் கடைசியில் யார் கையில் தங்குகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.