நேதாஜி போஸ்: தூரத்திலிருந்து தாயகத்தைப் பார்த்தவரும் அவரை நம்பிய மலாயாத் தோட்டங்களும்

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டி கம்போங் ராஜா போகிற சாலையில் இருக்கிறது திரிங்காப். சரிவெல்லாம் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள், கொஞ்சம் தள்ளிப் போனால் தேயிலை. அங்கே வேலை செய்யும் வங்கதேச இளைஞர் ஒருவரிடம் ஊர் அரசியலைப் பற்றிக் கேட்டுப் பாருங்க. 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்தது பற்றி அவருக்கு ஒரு கருத்து இருக்கும். ஆனால் அந்தக் கருத்தில் எவ்வளவு நேரில் கண்டது, எவ்வளவு கைப்பேசித் திரையில் பார்த்தது?

சுமார் 80 ஆண்டுகளுக்கு முன், இதே மலாயாவில் அவருடைய இடத்தில் இருந்தவர்கள் நம் தாத்தா பாட்டிகள். ஊரை விட்டு வந்தவர்கள், அல்லது ஊரையே பார்க்காமல் தோட்டத்தில் பிறந்தவர்கள். இந்தியாவை ஆண்ட அரசை எதிர்த்துப் போராட அவர்களில் ஆயிரக்கணக்கானோர் 1943-இல் பெயர் கொடுத்தார்கள். அவர்களைக் கூப்பிட்டவரும் நாட்டுக்கு வெளியே இருந்தவர்தான்: சுபாஷ் சந்திர போஸ்.

பல மலேசியத் தமிழர் வீடுகளில் அவர் படம் இன்றும் தொங்குகிறது. உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அந்தப் படத்துக்குப் பின்னால் உள்ள கதையில் பெருமையும் இருக்கிறது, கேட்கச் சங்கடமான கேள்விகளும் இருக்கின்றன.

யார் இந்த போஸ்?

1897 ஜனவரி 23-ஆம் தேதி ஒடிசாவின் கட்டாக்கில் பிறந்தவர். வசதியான வங்காளிக் குடும்பம். 1920-இல் லண்டனில் ஐ.சி.எஸ். தேர்வில் நான்காவது இடம் பிடித்தார். அந்தக் காலத்தில் ஓர் இந்தியருக்கு அதைவிடப் பெரிய உத்தியோகம் கிடையாது. அடுத்த ஆண்டே அதை வேண்டாம் என்று விட்டுவிட்டு ஊர் திரும்பி, காங்கிரஸில் சேர்ந்தார்.

அதன் பிறகு சிறைவாசம் அவருக்கு வழக்கமாகிவிட்டது. 1920-களின் நடுவில் பர்மாவின் மண்டலே சிறையில் வைத்தார்கள். 1933-இல், சிகிச்சைக்காக ஐரோப்பா போவதென்றால் விடுதலை என்று அரசு அனுப்பி வைத்தது. வியன்னாவைத் தளமாகக் கொண்டு அவர் எழுதிய இந்தியப் போராட்ட வரலாறு 1935-இல் லண்டனில் வெளியானது. இந்தியாவுக்குள் அது வரக் கூடாது என்று அரசு தடை போட்டது. 1936-இல் பம்பாயில் வந்து இறங்கியதுமே கைது.

1938-இல் காங்கிரஸ் தலைவர். 1939-இல் காந்தி ஆதரித்த பட்டாபி சீதாராமையாவைத் தோற்கடித்து மறுபடியும் தலைவர். ஆனால் கட்சிக்குள் ஒத்துழைப்புக் கிடைக்காமல் சில மாதங்களிலேயே பதவி விலகினார்.

வீட்டுக்காவலில் இருந்து பெர்லினுக்கு

1941 ஜனவரியில் கல்கத்தாவில் வீட்டுக்காவலில் இருந்தபோது, ஒரு நள்ளிரவில் மாறுவேடத்தில் காரில் ஏறித் தப்பினார். பெஷாவர், காபூல், மாஸ்கோ வழியாக, ஓர் இத்தாலியப் பெயரில் எடுத்த கடவுச்சீட்டோடு ஏப்ரலில் பெர்லின் போய்ச் சேர்ந்தார்.

நாஜி ஜெர்மனியைத் தேடி ஏன் போனார்? பிரிட்டனின் எதிரி தனக்கு உதவுவான் என்பது அவர் கணக்கு. அங்கிருந்து வானொலியில் பேசினார். ஜெர்மனியிடம் சிக்கிய இந்தியப் போர்க்கைதிகளைக் கொண்டு ஒரு சிறு படையும் திரட்டினார். 1942 மே மாதம் ஹிட்லரைச் சந்தித்தார். பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1943 பிப்ரவரியில் நீர்மூழ்கிக் கப்பலில் கிளம்பி, நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறி, ஜூலை 2-ஆம் தேதி சிங்கப்பூர் வந்தார்.

ஒன்றைக் கவனியுங்க. அந்த ஜனவரி மாதத்துக்குப் பிறகு இந்தியப் பெருநிலத்தில் அவர் கால் வைக்கவே இல்லை. 1942-இன் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தையும், 1943-இன் வங்காளப் பஞ்சத்தையும் தூரத்திலிருந்துதான் அவர் அறிந்தார்.

தோட்டத்துத் தமிழர்கள் ஏன் நம்பினார்கள்?

சிங்கப்பூரில் போஸ் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். 1943 அக்டோபர் 21-இல் கேத்தே அரங்கில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். சென்னையைச் சேர்ந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ஜான்சி ராணிப் பெண்கள் படையும் உருவானது. அதில் சேர்ந்தவர்களில் பலர் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். பலர் இந்தியாவைக் கண்ணால் கண்டதே இல்லை.

இந்தியாவின் பிரிட்டிஷ் அரசு எப்படிப்பட்டது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? டெல்லி வைஸ்ராயை அவர்கள் பார்த்ததில்லை. பார்த்தது தோட்டத்துத் துரையை. எதிரே துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், கூலி உயர்வோடு, இந்த வழக்கத்தை ஒழிப்பதும் ஒன்று. படையை வரவழைத்தார்கள்; துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். தலைவர்களில் ஒருவரான ஆர்.எச். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

ஆகவே தாயகத்து அரசைப் பற்றிய அவர்களின் தீர்ப்பு மலாயா அனுபவத்திலிருந்து வந்தது. அது பொய்யும் இல்லை. அதே சமயம் முழுப்படமும் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஜப்பானிய ஆட்சியில் ரப்பருக்குச் சந்தை இல்லை, தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி இல்லை. படையில் சேர்ந்தால் சாப்பாடு கிடைக்கும், ஜப்பானியர் பிடித்துக்கொண்டு போகாமலும் இருக்கலாம். தேசப்பற்று, மானம், பசி, பயம் என்று நான்கும் கலந்துதான் மக்கள் சேர்ந்தார்கள். ஒன்றை மட்டும் சொன்னால் அது பாதிக் கதை.

இம்பாலும் கியூபாவும்

1944 மார்ச்சில் ஜப்பானியப் படையோடு சேர்ந்து இந்திய தேசிய இராணுவம் இம்பாலை நோக்கி நகர்ந்தது. போஸின் எதிர்பார்ப்பு இது: எல்லையைத் தொட்டதும், பிரிட்டிஷ் படையில் உள்ள இந்தியச் சிப்பாய்கள் கட்சி மாறுவார்கள், மக்களும் கிளர்ந்து எழுவார்கள்.

அப்படி நடக்கவில்லை. எதிரே நின்ற இந்தியச் சிப்பாய்களுக்குத் தங்கள் ரெஜிமென்ட் மேல் விசுவாசம் இருந்தது, மாதச் சம்பளம் இருந்தது, ஜப்பானியர் மேல் பயமும் வெறுப்பும் இருந்தன. உள்ளே இருந்த காங்கிரஸ் தலைவர்களோ சிறையில். ஜூலையில் படை பின்வாங்கியது. குண்டுக்குத் தப்பிய பலரைப் பசியும் மலேரியாவும் கொண்டுபோயின.

இதே மாதிரிக் கதை ஒன்று 17 ஆண்டுகள் கழித்து உலகின் மறுபக்கத்தில் நடந்தது. 1959-இல் கியூபாவில் பிடல் காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்ததும் லட்சக்கணக்கானோர் நாட்டை விட்டுப் போனார்கள், பெரும்பாலும் அமெரிக்காவின் மயாமிக்கு. அவர்களில் சுமார் 1,400 பேரை அமெரிக்க உளவுத்துறை சி.ஐ.ஏ. பயிற்றுவித்து, 1961 ஏப்ரலில் பன்றிகள் விரிகுடாவில் இறக்கியது. கரையேறினால் உள்ளே மக்கள் எழுவார்கள் என்ற எதிர்பார்ப்பு அங்கேயும் இருந்தது. மூன்றே நாளில் எல்லாம் முடிந்தது.

இரண்டும் ஒன்றல்ல. போஸ் எதிர்த்தது அந்நிய ஆட்சியை. கியூபர்கள் எதிர்த்தது சொந்த நாட்டவரின் ஆட்சியை. ஆனால் நாட்டை விட்டு வந்தவர்களுக்கு வரும் ஒரு சிக்கல் இரண்டிலும் பொது. விட்டு வந்த நாளில் ஊர் எப்படி இருந்ததோ, அதே ஊர்தான் மனசில் நிற்கிறது. தங்களைத் துரத்திய அரசை எல்லோரும் தங்களைப் போலவே வெறுப்பதாகத் தோன்றுகிறது. அடைக்கலம் தந்த வல்லரசுக்கோ அதன் சொந்தக் கணக்கு இருக்கிறது.

காட்டியதை மட்டும் பார்த்த பயணம்

வெளியாருக்கு ஓர் அரசு தன்னை எப்படிக் காட்டும் என்பதற்கும் போஸின் வாழ்க்கையிலேயே உதாரணம் இருக்கிறது.

1943 டிசம்பர் கடைசியில், ஜப்பானியர் பிடியில் இருந்த அந்தமானுக்குப் போஸ் போனார். போர்ட் பிளேரில் மூவர்ணக் கொடி ஏற்றினார். விடுதலை பெற்ற முதல் இந்திய மண் என்று அது கொண்டாடப்பட்டது. ஆனால் அதே நாளில், அதே ஊரின் செல்லுலார் சிறையில், ஒற்றர்கள் என்ற சந்தேகத்தில் பிடிபட்ட இந்தியர்களை ஜப்பானியர் சித்திரவதை செய்துகொண்டிருந்தார்கள். அங்கே இந்திய சுதந்திர சங்கத்தின் உள்ளூர்த் தலைவராக இருந்த மருத்துவர் திவான் சிங்கும் அவர்களில் ஒருவர். போஸை ஜப்பானிய அதிகாரிகள் சுற்றிலும் சூழ்ந்தே அழைத்துப் போனார்கள். அவர் திரும்பிய சில வாரங்களில் திவான் சிங் இறந்தார். 1944 ஜனவரி 30-இல் ஹம்ஃப்ரிகஞ்சில் 44 இந்தியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

மலாயாத் தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான கேள்வி சயாம் மரண ரயில். 1942 முதல் 1943 வரை, சயாமையும் பர்மாவையும் இணைக்கச் சுமார் 415 கிலோமீட்டர் பாதை போட, ஜப்பானியர் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் இறந்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. அந்தப் பாதையில்தான் பிறகு இந்திய தேசிய இராணுவத்தினர் பலர் பர்மாவுக்கு ரயிலேறினார்கள்.

லண்டன் அரசின் கொடுமையை நாள்தோறும் பேசிய போஸ், டோக்கியோ அரசின் இந்தக் கொடுமையை ஊரறியக் கண்டிக்கவில்லை. ஜப்பானை விட்டால் அவருக்கு வேறு ஆதரவு இல்லை என்று சிலர் விளக்குவார்கள். அது காரணம்தான். ஆனால் கணவனையோ மகனையோ அங்கே பறிகொடுத்த பெண்ணுக்கு அது பதிலாகுமா?

அப்படியானால் எல்லாம் வீணா?

இல்லை. போஸ் 1945 ஆகஸ்ட் 18-இல் தைவானில் நடந்த விமான விபத்தில் இறந்தார். அதை நம்பாமல் பல ஆண்டுகள் காத்திருந்தவர்கள் உண்டு. போர்க்காலத் தணிக்கையால் இந்தியாவுக்குள் பலருக்கு இப்படி ஒரு படை இருந்ததே தெரியாது. 1945 நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் மூன்று அதிகாரிகள் மேல் வழக்கு நடத்தியபோதுதான் கதை நாடெங்கும் பரவியது. போஸ் 1944-இல் எதிர்பார்த்த கொந்தளிப்பு, அவர் இறந்த பிறகு வந்தது. 1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படை மாலுமிகள் கிளர்ந்தார்கள். அடுத்த ஆண்டு பிரிட்டன் வெளியேறியது.

மலாயாவிலும் மாற்றம் வந்தது. துப்பாக்கி பிடித்து அணிவகுத்தவர்கள் துரைக்கு முன்னால் மறுபடியும் குனிய மறுத்தார்கள். போஸின் இயக்கத்தில் இருந்த ஜான் திவி 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரஸைத் தொடங்கினார். அதே படையிலிருந்து வந்த எஸ்.ஏ. கணபதி தொழிற்சங்கத் தலைவரானார். 1949-இல் பிரிட்டிஷ் அரசு அவரைத் தூக்கிலிட்டது. தாயகத்துக்காக எழுந்த மக்கள், மெதுவாக, தாங்கள் வாழும் மண்ணின் அரசிடம் உரிமை கேட்கத் தொடங்கினார்கள்.

அடுத்த முறை தாத்தா வீட்டில் அந்தப் படத்தைப் பார்த்தால், ஒரு கேள்வி கேளுங்க: நம் குடும்பத்தில் யாராவது போஸ் படையில் இருந்தார்களா, யாராவது சயாமுக்குப் போனார்களா? சில வீடுகளில் இரண்டுக்கும் பதில் ஆமாம் என்று வரலாம். அப்படி வந்தால், இரண்டு கதையையும் சேர்த்தே எழுதி வையுங்க.