கூட்டத்தைக் காட்டிக் கொடுத்த தக்கித் தலைவன்

'பிரிங்கி' என்ற வடநாட்டுச் சொல்லும் நம் 'பரங்கி'யும் ஒன்றே. குவாலியர் வட்டாரத்தில், 1800-ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்த பிராமணச் சிறுவன் ஒருவனுக்கு அச்சொல்லே பெயராயிற்று. ஐரோப்பியத் தளபதியின் படை ஊரைத் தாக்கிய வேளையில் பிறந்தவன் என்பதால் அவன் பெரிங்கியா ஆனான்.

தக்கிக் கூட்டங்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் கலந்திருந்தனர். வழிப்போக்கர்களுடன் நட்புப் பாராட்டி, நம்பிக்கை பெற்ற பின் துணியால் கழுத்தை நெரித்துக் கொன்று, உடைமைகளைக் கவர்ந்து, உடல்களைப் புதைத்துவிடுவது அவர்கள் வழக்கம். கொள்ளையில் பங்கு பெற்ற ஜமீன்தார்கள் புகலிடம் அளித்தனர். இளம் வயதிலேயே தலைவனாகிவிட்ட பெரிங்கியா, இடையில் சிறிது காலம் ஆங்கிலேய அதிகாரி ஆக்டர்லோனியிடம் ஊழியமும் பார்த்தான் என்பது விந்தை.

சாகர்-நர்மதைப் பகுதியின் அதிகாரி வில்லியம் ஸ்லீமன் 1830-இல் அவனைக் குறிவைத்தார். அவன் தப்பிவிடவே, தாயும் மனைவியும் குழந்தையும் காவலில் வைக்கப்பட்டனர். எல்லை கடந்து ஓடியிருந்தால் பிழைத்திருப்பான். குடும்பத்தை விட்டு வெகுதூரம் செல்ல மனமின்றி, அருகிலிருந்த கிராமங்களில் மாறி மாறி இரவைக் கழித்தவன் அவ்வாண்டின் இறுதியில் பிடிபட்டான்.

உயிர்ப்பிச்சைக்கு ஈடாக அவன் அப்ரூவராகச் சம்மதித்தான். சலோதா என்ற ஊரின் மாந்தோப்பில் ஸ்லீமன் மனைவியுடன் முகாமிட்டிருந்தபோது, கூடாரம் அமைந்திருந்த நிலத்தையே அவன் சுட்டிக்காட்டினான். தோண்டத் தோண்டப் பிணங்கள் வெளிப்பட்டன. பிறகு அவனும் ஏனைய அப்ரூவர்களும் பெயர் பெயராகச் சொல்ல, கூட்டங்கள் வரிசையாகச் சிக்கின. பலர் தூக்கிலிடப்பட்டனர், பலர் கடல் கடத்தப்பட்டனர். பெரிங்கியாவுக்கு உயிர் மிஞ்சியது, விடுதலை கிட்டவில்லை.

அந்த விசாரணைகளில் எதிரிகளுக்கு வழக்கறிஞர் கிடையாது. உயிருக்கு அஞ்சிய அப்ரூவர்களின் வாக்குமூலமே பெரும்பாலும் சாட்சியம். காளி வழிபாட்டுக் கொலைச் சமயம் என்று 1836-இல் ஸ்லீமன் தம் நூலில் தீட்டிய சித்திரத்தையும் வரலாற்றாசிரியர் பலர் இன்று அப்படியே ஏற்பதில்லை. கொலைகள் நடந்தன, ஆனால் வேலையிழந்த படைவீரரும் வறுமையும் அதில் பெற்ற பங்கு மறைக்கப்பட்டது என்பது அவர்கள் வாதம்.

அதே 1836-இல் கம்பெனி அரசு இயற்றிய சட்டப்படி, தனிக் குற்றம் எதுவும் நிரூபணமாகாவிட்டாலும், தக்கிக் கூட்டத்தில் இருந்தாலே ஆயுள் சிறை. ஆளை விட்டுக் கூட்டத்தைக் குற்றவாளியாக்கும் இப்போக்கு 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் முழு வடிவம் பெற்றது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதற்கெதிரான கிளர்ச்சியில் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கள்ளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாடு விடுதலை பெற்ற பிறகும் நீடித்த அச்சட்டம் 1952-இல்தான் அகன்றது.