ஈயத்தை நிறுத்துப் பார்த்த சாடி

குளோரினின் அணு எடை 35.5 என்று பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது. அது என்ன அரைக் கணக்கு? சித்தூரிலும் தேவிகுளத்திலும் தமிழில் படிக்கும் நம் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. நம்மில் பலர் கேட்காமலே மனப்பாடம் செய்து விட்டோம்.

விடைக்கு வழி திறந்தவர் பிரெடரிக் சாடி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. 1877 செப்டம்பர் 2ந்தேதி ஈஸ்ட்போர்ன் நகரில் தானிய வியாபாரியின் மகனாகப் பிறந்தார். கைக்குழந்தையிலேயே தாயை இழந்தார். ஆக்ஸ்போர்டில் படித்தபின், 1900ல் கனடா சென்றார். அங்கே ரூதர்போர்டுடன் சேர்ந்து, தோரியம் தானாகவே வேறு பொருளாக மாறுவதைக் கண்டார். தோரியம் நமக்குப் புதிதல்ல. கொல்லம் அருகே சவரா கடற்கரை மணலில் இருக்கிறது. பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டிலில் சேர்த்து வந்ததும் அதுதான்.

பிறகு கிளாஸ்கோவில் வேலை. ஒரே தனிமத்தில் எடை மாறுபட்ட அணுக்கள் உண்டு, ரசாயன முறையால் அவற்றைப் பிரிக்க முடியாது என்று 1913ல் சொன்னார். மார்கரெட் டாட் என்ற பெண் டாக்டர் அவற்றுக்கு ஐசோடோப் என்று பெயர் வைத்துக் கொடுத்தார். ஒரு தனிமத்துக்கு ஒரே எடைதான் என்று நூறு வருடமாக நம்பி வந்த காலம் அது. சாட்சி வேண்டுமே!

சாட்சி இலங்கையிலிருந்து வந்தது. தோரியமும் யுரேனியமும் சிதைந்து கடைசியில் ஈயமாகின்றன. தோரிய ஈயம் 208, யுரேனிய ஈயம் 206 இருக்க வேண்டும் என்பது சாடியின் கணக்கு. தவறினால் கொள்கையே போய்விடும். இலங்கைத் தோரைட் கல்லிலிருந்து ஈயத்தைப் பிரித்துச் சோதித்தார். சாதாரண ஈயம் 207.2, இது 207.74! கல்லில் கொஞ்சம் யுரேனியமும் கலந்திருந்ததால் முழு 208 வரவில்லை. அமெரிக்காவில் ரிச்சர்ட்ஸ் சோதித்த யுரேனிய ஈயமோ 206ஐ ஒட்டி நின்றது.

குளோரினும் இப்படித்தான். நாலு அணுவில் ஏறக்குறைய மூன்று 35, ஒன்று 37. மூன்று 35 என்றால் 105. அதோடு 37 சேர்த்தால் 142. நாலால் வகுத்தால் 35.5. இரண்டு எடையையும் கூட்டி இரண்டால் வகுத்து 36 என்று எழுதினால் மார்க் போச்சு. கொழுந்துக் கூடைகளின் சராசரி எடைக்கு ஒரு கூடைகூட இல்லாமல் போகலாம் அல்லவா? அதுபோல 35.5 எடையில் ஒரு குளோரின் அணுவும் கிடையாது.

1921ம் ஆண்டுக்கான நோபல் பரிசு சாடிக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் பணம், வங்கி, கடன் என்று எழுதத் தொடங்கினார். பொருளாதார நிபுணர்கள் அதைச் சட்டை செய்யவில்லை. 1936ல் மனைவி வினிபிரெட் இறந்ததும் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் பதவியை விட்டார். குழந்தைகள் இல்லை. 1956 செப்டம்பர் 22ந்தேதி பிரைட்டனில் காலமானார். அப்போது வயது 79.